தேக்கம்பட்டிப் பாப்பம்மாள்: கடை, காடு, கூட்டம்

2021 ஜனவரியில் பத்மஸ்ரீ விருதுப் பட்டியல் வெளியானபோது, கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த இயற்கை உழவர் பாப்பம்மாளைப் பற்றி வந்த செய்திகளில் பெரும்பாலானவை அவருடைய வயதையும் உணவையுமே திரும்பத் திரும்பச் சொல்லின. நூறு வயதைக் கடந்த பாட்டி, வேப்பங்குச்சியில் பல் துலக்குகிறார், வாழையிலையில் சாப்பிடுகிறார், ஆட்டிறைச்சி பிரியாணி என்றால் விரும்பி உண்கிறார் என்ற செய்திகளைப் படிக்க எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பெண் முப்பது வயதையொட்டித் தன் சொந்த வருவாயில் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கினார் என்பதும், 1959இலேயே ஊராட்சி உறுப்பினராக இருந்தார் என்பதும் அந்தச் செய்திகளில் ஓரிரு வரிகளில் கடந்து போயின. எனக்கு அவர் வாழ்க்கையின் முதுகெலும்பாகத் தோன்றுபவை அவ்விரண்டுமே.

அவர் 1914இல் தேவலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, சகோதரிகளோடு தேக்கம்பட்டியில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். மேட்டுப்பாளையத்திற்கு அருகே, நீலகிரி மலையடிவாரத்தில், பவானி ஆற்றை ஒட்டிய ஊர் அது. வனபத்ரகாளியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தை அறிந்திருப்பார்கள். பாட்டி நடத்திவந்த மளிகைக் கடை அவருக்குப் பின் பாப்பம்மாளின் பொறுப்புக்கு வந்தது. அதனோடு ஓர் உணவுக் கடையையும் அவர் தொடங்கினார். அந்த இரண்டு கடைகளும் ஈட்டிக் கொடுத்த பணத்தில்தான் நிலம் வாங்கப்பட்டது.

இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. களை எடுப்பதும் நாற்று நடுவதும் பெண்களின் வேலையாகவே இருந்துவரும் நம் நாட்டில், 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, பெண்கள் பொறுப்பில் இருக்கும் வேளாண் நிலவுடைமைகள் சுமார் 14 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு இணையான பங்கு சட்டப்படி கிடைத்ததே 1989இல்தான். பிறந்த வீட்டுப் பங்கையோ கணவர் வீட்டுப் பங்கையோ எதிர்பார்த்திராமல், கடையில் எடைபோட்டு விற்றும் உணவு சமைத்து விற்றும் சேர்த்த காசில் ஒரு பெண் நிலம் வாங்குவதென்பது அந்தக் காலத்தில் எத்தகைய காரியம் என்பதைக் கொங்கு நாட்டுக் குடியானவர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தன் கையில் நிலம் இருந்ததால்தான் என்ன விதைப்பது, எந்த உரம் போடுவது, எந்தக் கூட்டத்திற்குப் போவது என்பதையெல்லாம் அவர் தாமே முடிவு செய்ய முடிந்தது என்று கருதுகிறேன்.

சோளம், கொள்ளு, பயறு வகைகள், காய்கறிகள் எனப் பயிரிட்டு வந்தவர், பின்னாளில் வாழைக்கும் மாறினார். முதுமையில் நிலத்தின் பெரும்பகுதியை விற்றுவிட்டு, இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு அதில் இயற்கை முறையில் வேளாண்மை செய்தார். தமக்கென்று பிள்ளைகள் இல்லாத அவர், உடன்பிறந்தவரின் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். கடையையும் காட்டையும் (விளைநிலத்தையும்) கவனித்துக்கொண்டே வீட்டையும் நடத்தினார் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் விடியலுக்கு முன்பே தொடங்கி இரவு வரை நீளும் அந்த நாட்களைப் பற்றி அதற்கு மேல் விரித்துரைக்கும் தகுதி, அவற்றை வாழ்ந்தவர்களுக்கே உண்டு.

கோவை வேளாண் கல்லூரி 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உருப்பெற்றது. அப்பல்கலைக்கழகத்தோடு பாப்பம்மாளுக்கு நெடுங்காலத் தொடர்பு இருந்தது. அங்கே கற்றுக்கொள்ளச் சென்றதோடு, உழவர்களின் விவாதக் குழுக்களில் எழுந்து பேசுகிறவராகவும் அவர் விளங்கினார். ஆராய்ச்சி நிலையத்தில் நன்றாக விளைந்த ஒன்று, மழையை நம்பியும் யானைகளுக்கு அஞ்சியும் பயிர் செய்யும் மலையடிவாரக் காட்டில் அப்படியே விளையும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆகவே விஞ்ஞானிகளின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கும் உழவர் ஒருவர், தம் வயலுக்கு மட்டுமின்றி ஊருக்கே உதவுகிறவர் ஆகிறார். கூலியோ படியோ கருதாமல் அரை நாள் வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்தில் போய் உட்காருவதைத் தொண்டு என்று நாம் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அன்னதானமும் கோயில் திருப்பணியும்தான் தொண்டாக நம் கண்ணில் படுகின்றன.

தேக்கம்பட்டி ஊராட்சி உறுப்பினராக இருந்ததோடு, காரமடை ஊராட்சி ஒன்றியத்திலும் அவர் கவுன்சிலராகப் பணியாற்றியிருக்கிறார். உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை உறுதி செய்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993இல். அதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் அங்கே அமர்ந்துவிட்டார். திராவிட முன்னேற்றக் கழகத்தின் நெடுநாளைய உறுப்பினரும்கூட. பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதற்கு அடுத்த மாதம் கோவைக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி அவரைச் சந்தித்த படம் நாடெங்கும் பரவியது. 2024 செப்டம்பரில் நடந்த முப்பெரும் விழாவில் அவருடைய கட்சி அவருக்குப் பெரியார் விருதை வழங்கியது. எதிரெதிர் அணிகள் இரண்டும் தத்தம் பங்குக்கு ஒரே மூதாட்டியைக் கொண்டாடிய விந்தை அது. அந்த மாதம் 27ஆம் நாள் அவர் காலமானார்.

இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. ஆயினும் தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கணவரோ மைத்துனரோ பதில் சொல்லும் ஊராட்சி அலுவலகங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண்களுக்குத் துணிவு போதவில்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாப்பம்மாள் கூட்டத்திற்குப் போகும் முன்பே அவர் பெயரில் நிலமும் அவர் கையில் ஒரு கடையின் கல்லாவும் இருந்தன.