பித்தளைக் கல்

பெர்லினில் எங்கள் தெரு நடைபாதையில் ஒரு பாட்டி மண்டியிட்டு, அங்கே பதித்திருந்த பித்தளை நினைவுக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை.

உள்ளங்கை அளவுதான் கல். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி ஒரு யூதப் பெண்ணின் பெயர், பிறந்த ஆண்டு, கடைசியில் ஆவுஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமின் பெயர். துடைக்கத் துடைக்க எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

இன்று நவம்பர் 9.

1938இல் இதே இரவில்தான் ஜெர்மனி முழுக்க யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன. அப்புறம் இந்த ஊர் ஹெட்விக் பேராலயத்தில் பாதிரியார் பெர்ன்ஹார்ட் லிக்டன்பெர்க் யூதர்களுக்காக வெளிப்படையாகவே ஜெபித்தார். 1941இல் கைது. 1943இல் டாஹாவ் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார்.

பெரும்பாலான ஆலயங்கள் வாயே திறக்கவில்லை. நானும் ஜெபமாலை உருட்டுகிறவள்தான். அந்த மௌனத்தில் எனக்கும் கடன் இருக்கிறது.

பாட்டி மெழுகுவர்த்தியை நீட்டினார். ஏற்றினேன். காற்றில் அணைந்தது.

மறுபடி ஏற்றினோம்.