பள்ளி வாசலுக்கு வந்த கார்

மெல்பர்ன் புறநகர்ப் பள்ளி ஒன்றில் நான் கணிதம் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்திலிருந்து (நார்தர்ன் டெரிட்டரி) வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த பூர்வகுடி மாணவி ஒருத்தி என் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். வகுப்பில் எவருக்கும் வராத ஒரு கணக்கை அவள் சரியாகப் போட்டிருந்ததால், பாராட்டும் எண்ணத்தோடு அவளைப் பலகைக்கு அழைத்தேன். அவள் எழவில்லை. மேலங்கியின் கையை விரல்கள் மறையும் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மேசையைப் பார்த்தபடியே "ஷேம், மிஸ்" என்று மட்டும் சொன்னாள். பூர்வகுடி மக்கள் பேசும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வெட்கம் என்பதைவிட விரிந்த பொருள் உண்டு என்பதும், கூட்டத்திலிருந்து தன்னைத் தனியே பிரித்துக் காட்டும்போது ஏற்படும் கூச்சம் அதில் அடங்கும் என்பதும், பெரியவர்களைக் கண்ணுக்கு நேராகப் பார்க்காதிருப்பது பல சமூகங்களில் மரியாதை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பருவ அறிக்கையில் "வகுப்பில் பங்கேற்பதில்லை" என்று எழுதினேன்.

சில வாரங்கள் கழித்து ஓர் இறப்புக்காக அவள் ஊருக்குப் போனாள். விடுப்புப் படிவத்தில், இறந்தவர் என்ன உறவு என்ற இடத்தில் "அம்மா" என்று எழுதியிருந்தாள். அவளுடைய தாய் உயிரோடு இருப்பதை அறிந்த அலுவலகம் அதைப் பொய் என்று முடிவு செய்தது. இறந்தவர் தாயின் அக்கா. பல பூர்வகுடி உறவுமுறைகளில் தாயின் உடன்பிறந்தவளும் தாய்தான். பெரியம்மா, சின்னம்மா என்று அழைத்து வளர்ந்த எனக்காவது அது உடனே விளங்கியிருக்க வேண்டும். நான் எதுவும் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள்.

அதன் பிறகுதான், யாரா பள்ளத்தாக்கில் ஹீல்ஸ்வில் என்ற ஊரிலுள்ள வொராவா கல்லூரியைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது பள்ளிதான். யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த ஹிலஸ் மாரிஸ் 1983இல் தொடங்கிய அந்தப் பள்ளியைப் பூர்வகுடி மக்களே நடத்துகிறார்கள். முதலில் இருபாலரும் படித்தார்கள். பின்னர் அது பதின்வயதுப் பெண்களுக்கு மட்டுமான விடுதிப் பள்ளியாயிற்று. நாட்டின் தொலைதூரச் சமூகங்களிலிருந்து வரும் மாணவிகளில், வீட்டில் இரண்டு மூன்று மொழிகள் பேசிவிட்டு அவற்றுக்கு அடுத்ததாக ஆங்கிலம் கற்றவர்களும் உண்டு.

பெண்களுக்கு மட்டும் என்று ஏன் வைக்க வேண்டும் என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். பூர்வகுடிப் பண்பாட்டில் பெண்களுக்கே உரிய அறிவு என்று ஒன்று இருக்கிறது. சில கதைகளும் பாட்டுகளும் சடங்குகளும் ஆண்கள் இருக்கும் இடத்தில் சொல்லத்தக்கவை அல்ல. 'ஆன்ட்டி' என்று எல்லோரும் மதிப்போடு அழைக்கும் மூத்த பெண்கள்தாம் அவற்றை இளையவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஊரைவிட்டு வரும் ஒரு சிறுமிக்கு, அவள் வளரும் பருவத்தில் அந்தப் பெண்களும் அருகில் இருந்தால்தான், படிப்பதற்காகத் தன் மரபை இழக்க வேண்டிய நிலை வராது.

ஆனால் பெண்களுக்கு மட்டுமான விடுதி என்ற ஏற்பாட்டுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கொடிய முன்வரலாறு உண்டு. அதை மறைத்துவிட்டு இதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 1917இல் நியூ சவுத் வேல்ஸின் மூனாகல்லாவில் பள்ளியில் இருந்த 13 வயது மார்கரெட்டையும் அவளுடைய தங்கையையும் தாயின் விருப்பத்துக்கு மாறாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பூர்வகுடிச் சிறுமிகளைப் பிறர் வீட்டு வேலைக்குப் பழக்குவதற்காக அரசு நடத்திய கூட்டமண்ட்ரா இல்லத்தில் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அங்கிருந்து மார்கரெட் சிட்னியில் வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் மார்கரெட் டக்கர் என்ற பெயரில் பூர்வகுடி உரிமைகளுக்காகப் போராடிய அவருடைய இன்னொரு தங்கைதான் ஜெரால்டீன் பிரிக்ஸ். ஜெரால்டீனின் மகள் ஹிலஸ் மாரிஸ். பெரியம்மாவைப் பள்ளியிலிருந்தே பறித்துக்கொண்டு போன நாட்டில்தான், தங்கை மகள் ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம்: சிறுமிகள், விடுதி, ஊரிலிருந்து வெகு தூரம். பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார், அவள் பேசும் மொழிக்கு அங்கே என்ன மதிப்பு, இறப்புக்காக ஊருக்குப் போக வேண்டும் என்றால் யார் சரி என்று சொல்ல வேண்டும் என்ற கேள்விகளில்தான் வேறுபாடு இருக்கிறது. இந்த அதிகாரம் அந்த மக்களிடமே இல்லாவிட்டால், சுவரில் பூர்வகுடிக் கலையான புள்ளி ஓவியங்களை எத்தனை மாட்டினாலும் அந்தப் பள்ளியை நான் நம்பமாட்டேன்.

உடல்நலமும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. தொலைதூரச் சமூகங்களில் குழந்தைகளுக்கு நடுச்செவித் தொற்று மிகுதி; திரும்பத் திரும்ப வந்து சீழ் வடிந்து, கேட்கும் திறனைக் குறைத்துவிடும். கேட்காத பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று ஆசிரியர்கள் எழுதிவிடுகிறோம். என் மாணவியின் காதை யாராவது பரிசோதித்தார்களா என்று நான் கேட்டதே இல்லை.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கெய்ர்ன்ஸுக்கு வடக்கே வங்கெட்டியில், கேப் யார்க் பெண்கள் அகாடமி என்ற விடுதிப் பள்ளி இளந்தாய்மார்களைக் கைக்குழந்தையோடு தங்கிப் படிக்க வைத்தது என்று படித்தபோது, பிள்ளை பெற்றவளுக்குப் பள்ளி எதற்கு என்று என் காதுபடச் சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன். 2021 கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயது வரையுள்ள பூர்வகுடி இளைஞர்களில் பன்னிரண்டாம் வகுப்பையோ அதற்கு நிகரான தகுதியையோ எட்டியவர்கள் 68.1 விழுக்காடு. 2031க்குள் அதை 96 ஆக்குவது அரசின் இலக்கு. விடுதிப் பள்ளிகளால் மட்டும் அது நடக்காது, நடக்கவும் கூடாது. பிள்ளைகள் தம் ஊரிலேயே, தம் மொழியோடு படிக்கப் பள்ளிகள் வேண்டும். அவை வரும்வரை, தாயைப் பிரிந்து வரும் சிறுமியை ஓர் ஆன்ட்டி வரவேற்கும் இடங்கள் இன்னும் பல தேவை.

ஹிலஸ் மாரிஸ் பள்ளி தொடங்கிய மூன்றே ஆண்டுகளில், 1986இல் மறைந்தார். பின்னாளில் அவருடைய தங்கை லோயிஸ் பீலர் அதை வழிநடத்தினார். காரில் ஏற்றிச் செல்லப்பட்ட பெரியம்மா மார்கரெட் 1996 வரை வாழ்ந்தார். அவர் மறைந்தபோது தங்கை மகளின் பள்ளிக்கு வயது பதின்மூன்று.