அபுதாபி கரையில் கண்டல் நடுவோர் கவனத்துக்கு

2030க்குள் 10 கோடி கண்டல் மரங்கள், அதாவது கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள் என்பது அமீரகத்தின் இலக்கு. எத்தனை நடுகிறோம் என்பதைவிட எந்த மட்டத்தில் நடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

இங்கே நடும் கண்டல் வகையான வெண்கண்டலின் விதையை ஓரிரு நாள் கடல்நீரில் ஊறப்போட்டால் தோல் தானாகக் கழன்றுவிடும். வேர்முனை கீழே இருக்க, சேற்றில் பாதி மட்டும் ஊன்றுங்கள். முழுக்கப் புதைத்தால் அழுகிவிடும். சராசரிக் கடல்மட்டத்துக்கும் ஓதம் (கடல் ஏற்றம்) ஏறும் உச்சிக்கும் இடைப்பட்ட சேறுதான் சரியான இடம். கீழே போனால் அலை பிடுங்கும், தப்பிய கன்றில் கொட்டலசு என்னும் ஓட்டுடைய சிறு கடலுயிர் அப்பிக்கொள்ளும். மேலே போனால் கோடையில் உப்புப் பூத்த மண்ணே கன்றைக் கருக்கிவிடும்.

வளைகுடா நீரில் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் உப்பு. வெண்கண்டல் அதையும் தாங்கி, உள்ளே வந்த உப்பை இலைவழியே தள்ளிவிடும்; தடவிப் பாருங்கள், விரலில் ஒட்டும். அவ்வளவு உறுதியான மரத்துக்கும் ஓதநீர் வந்துபோக வேண்டும். குறுக்கே சாலை போட்டு, நீர் போகக் குழாய் வைக்காமல் விட்டால் வளர்ந்த காடும் பட்டுப்போகும்.