அளக்கப்படாத ஊர்கள்

நான் பணியில் சேர்ந்த அலுவலகத்தின் சுவரில் பெரிய இந்திய வரைபடம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் எங்கெல்லாம் இயங்கியதோ அங்கெல்லாம் ஒரு சிவப்பு ஊசி குத்தியிருந்தார்கள். தில்லியைச் சுற்றி ஊசிகள் நெருக்கியடித்து நின்றன. அதற்குக் கிழக்கே, கங்கைச் சமவெளியில், மாவட்டம் மாவட்டமாக ஒன்றுகூட இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையைப் பார்க்கும் கண் அதை நல்ல காற்று என்றே எடுத்துக்கொள்ளும். அளக்கவில்லை என்பதற்கும் மாசு இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த வரைபடம் காட்டவில்லை. தேசிய அளவில் நிலையங்களைத் திட்டமிடும் குழுவில் பல ஆண்டுகள் வேலை செய்த நானும் அந்த வேறுபாட்டை மறந்து ஒரு பிழை செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவின் தேசியக் கண்காணிப்பு 1984இல் ஆக்ராவிலும் அன்பராவிலும் 7 நிலையங்களோடு தொடங்கியது. ஒன்று தாஜ்மகால் நிற்கும் ஊர், மற்றொன்று அனல்மின் நிலையமும் நிலக்கரியும் சூழ்ந்த ஊர். கவலை எங்கே இருந்ததோ அங்கே கருவி போனது. அது நியாயமான தொடக்கம்தான். ஆனால் பின்னர் வந்த விரிவாக்கம் கவலையைப் பின்தொடரவில்லை, வசதியைப் பின்தொடர்ந்தது. ஆய்வகம் உள்ள ஊர், பொறியியல் கல்லூரி உள்ள ஊர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வட்டார அலுவலகம் உள்ள ஊர் என்று ஊசிகள் ஏறின. இந்தியத் தர நிர்ணய விதிப்படி, 1 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊரில்கூடத் காற்றில் மிதக்கும் துகள் மாசை அளக்க 4 நிலையங்கள் வேண்டும். நடைமுறையில் அத்தகைய ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இடம் தேடிப் போகும்போது விதிகள் ஒரு பக்கம், கிடைப்பது ஒரு பக்கம் என்று ஆகிவிடும். காற்றை உறிஞ்சும் வாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், மரங்கள் தள்ளி இருக்க வேண்டும், பக்கத்தில் உயரமான சுவர் கூடாது, புகைபோக்கி கூடாது. இவை எல்லாம் பொருந்திய ஒரு மாடியைக் கண்டுபிடித்தால், அதற்கு மின்சாரம் தர யாரும் முன்வர மாட்டார்கள். மின்சாரமும் காவலாளியும் உள்ள மாடியோ ஜெனரேட்டரின் புகைக்கு நேர் மேலே இருக்கும். ஓர் அரசுக் கல்லூரியின் முதல்வர் எங்களை அன்போடு மாடிக்கு அழைத்துச் சென்று, படிக்கட்டை ஒட்டி நிழலாக இருந்த மூலையைக் காட்டி, "கருவி வெயிலில் காய வேண்டாம், இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மூன்று பக்கமும் சுவர் இருந்த அந்த மூலையில் காற்றே வராது என்று எடுத்துச் சொல்ல அரை நாள் ஆனது. ஒரு நாட்டின் காற்றைப் பற்றிய கணக்கு இப்படிப்பட்ட அரை நாள் பேச்சுகளில்தான் நேராகிறது அல்லது கோணலாகிறது. திட்ட அறிக்கையில் இதற்கென்று ஒரு வரிகூட இருக்காது.

அந்த நாட்களில் பெரும்பாலான நிலையங்கள் ஆட்கள் இயக்கியவை. வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம், ஆண்டுக்கு 104 நாள் அளவீடு என்பது கணக்கு. துகளைப் பிடித்து எடைபோடுவதற்கான வடிதாளை 8 மணி நேரத்துக்கு ஒருமுறையும், வாயுக்களைப் பிடிக்கும் கரைசலை 4 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். அதாவது நள்ளிரவிலும் ஒருவர் மாடி ஏற வேண்டும். டிசம்பர் மாத இரவு ஒன்றில் களப்பணியாளர் ஒருவரோடு நானும் ஏறினேன். அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் வடிதாளைப் பிடித்திருந்த சட்டகத்தின் திருகுகளைத் தளர்த்தி, தாளின் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தார். மாலை நான்கு மணிக்குப் பளிச்சென்று வெள்ளையாகப் போட்ட கண்ணாடியிழைத் தாளின் நடுவில் கருஞ்சாம்பல் நிறம் படிந்திருந்தது. சட்டகம் மறைத்திருந்த விளிம்பு மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அதை உள்பக்கமாக மடித்து உறையில் போட்டு, நேரத்தையும் காற்றோட்ட அளவையும் எழுதிவிட்டு, "சார், இந்த நிறத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், தராசு பிறகுதான்" என்றார். அவர் தினக்கூலி. அவருடைய பணிக்காலம் எங்கள் திட்டத்தின் ஆயுள்வரைதான். நாட்டின் முழுத் தரவும் அவரைப் போன்றவர்களுடைய கையில் இருந்தது.

தொடர்ந்து அளக்கும் தானியங்கி நிலையங்கள் வந்தபின் இந்த இரவு வேலை குறைந்தது, வேறு சிக்கல் வந்தது. சமவெளி நகரம் ஒன்றின் குளிர்காலத் தரவு ஒழுங்காகவும் ஓரளவு மிதமாகவும் இருந்ததைக் கண்டு எனக்கு ஐயம் வந்தது. மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மாலை ஆறு முதல் பத்து வரை பல நாட்களில் எண்ணே இல்லை. மின்வெட்டு. யு.பி.எஸ். மின்கலம் எப்போதோ செத்துப்போயிருந்தது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே ஏறாமல் நிற்கும் நேரமும், வீடுகளில் விறகும் வறட்டியும் எரியும் நேரமும், கடைத்தெருவில் ஜெனரேட்டர்கள் ஓடும் நேரமும் அதுதான். காற்று எவ்வளவு மோசம் என்பதை ஒரே எண்ணில் சொல்ல 2015இல் நடைமுறைக்கு வந்த காற்றுத் தரக் குறியீட்டுக்கு ஒரு நாளில் 16 மணி நேரத் தரவு இருந்தால் போதும். மிக மோசமான நான்கு மணி நேரம் விடுபட்டாலும் அந்த நாள் விதிப்படி செல்லும். சராசரியோ அழகாகக் குறைந்துவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் எண்ணைத் திருத்தவில்லை. ஆனாலும் அந்த எண் அவ்வூர் மக்களின் மூச்சைப் பற்றிய உண்மை அல்ல. அதன்பிறகு நான் தயாரித்த எல்லா முன்மொழிவுகளிலும் கருவியின் விலைக்குப் பக்கத்திலேயே மின்கலத்துக்கும், கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் அளவுத்திருத்த வாயு உருளைகளுக்கும், பராமரிப்பவரின் சம்பளத்துக்கும் பல ஆண்டுத் தொகையைக் கேட்டேன். பெரும்பாலும் கருவிக்கான தொகை மட்டுமே அனுமதியாகித் திரும்பி வந்தது.

இனி என் பிழை. ஒரு விரிவாக்கத் திட்டத்துக்காக ஊர்களைத் தரவரிசைப்படுத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. மக்கள்தொகை, தொழிற்சாலை, வாகனம், ஆய்வக வசதி ஆகிய நான்குக்கும் மதிப்பெண் கொடுத்தேன். ஆற்றங்கரையில் செங்கல் சூளைகளும் அரிசி ஆலைகளும் சூழ்ந்த ஒரு சிற்றூரை நேரில் பார்த்திருந்தேன். நவம்பரில் அங்கே காலை ஒன்பது மணிக்கும் பள்ளிப் பிள்ளைகள் புகைக்குள் நடந்து போனார்கள். ஆனால் மக்கள்தொகை குறைவு, அருகில் ஆய்வகம் இல்லை. பட்டியலின் அடியில் போனது. நானே அதன்மீது கோடு இழுத்தேன்.

2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் அறிவிக்கப்பட்டபோதுதான் அந்தக் கோட்டின் விலை எனக்குப் புரிந்தது. காற்று மாசுக்கு வகுக்கப்பட்ட உச்ச வரம்பை ஐந்தாண்டுகள் தொடர்ந்து மீறிய நகரங்கள் என்று முதலில் 102 நகரங்களைத் தேர்ந்தார்கள். அவற்றில் தமிழ்நாட்டிலிருந்து தூத்துக்குடி மட்டும் இருந்தது. மீறியதை நிரூபிக்க அளவீடு வேண்டும், அளவீட்டுக்கு நிலையம் வேண்டும். நிலையம் இல்லாத ஊர் மீறியதாக ஆவதற்கு வழியே இல்லை. பட்டியல் பின்னர் 131 ஆக நீண்டது. சாலை கூட்டும் இயந்திரம், குப்பை எரிப்பைத் தடுக்கும் ஏற்பாடு, செயல்திட்டம், நிதி எல்லாம் அந்தப் பட்டியலின் வழியேதான் போயின. நான் கோடு இழுத்த ஊருக்கு எதுவும் போகவில்லை. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நான் ஒரு நிலையத்தை மட்டும் மறுக்கவில்லை, முறையிடுவதற்கான சான்றையே மறுத்துவிட்டேன்.

குறைந்த விலை உணரிகள் இந்த இடைவெளியை நிரப்பும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் ஓரளவு நம்புகிறேன். ஒளிச்சிதறலை வைத்துத் துகளை எண்ணும் அந்தச் சிறு பெட்டிகள், பனிமூட்டத்திலும் மழைக்காலத்திலும் ஈரத்தைத் தாங்கிய துகளைப் பெரிதாகக் கணக்கிட்டுவிடும். நம்பகமான நிலையம் ஒன்றின் பக்கத்தில் சில மாதங்கள் வைத்து ஒப்பிட்டுத் திருத்தினால் பயன்படும். அந்த ஒப்பீட்டுக்கும் அருகில் ஒரு நல்ல நிலையம் வேண்டும் என்பதால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம். பெரிய நகரத்துக்குப் பத்தாவது நிலையம் வாங்கும் பணத்தில், ஒன்றுமே இல்லாத மாவட்டத்துக்கு முதல் நிலையத்தை வைக்க வேண்டும் என்று நான் கூட்டங்களில் வாதாடியது இதனால்தான்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, அடுத்த கட்டத் திட்டத்துக்கான வரைபடத்தைத் தயாரிக்கும்போது, நிலையம் இல்லாத மாவட்டங்கள் அனைத்தையும் அடர்சாம்பல் நிறத்தில் நிரப்பி, விளக்கக் கட்டத்தில் "அளக்கப்படவில்லை" என்று எழுதினேன். கூட்டத்தில் மூத்த அதிகாரி ஒருவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சாம்பலோடு மேலே அனுப்ப முடியுமா என்று கேட்டார். உள்ளது அவ்வளவுதான் ஐயா என்றேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, தன் சொந்த மாவட்டம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று விரலால் தேடினார். அது சாம்பலில் இருந்தது. வரைபடம் அப்படியே போகட்டும் என்று கையெழுத்திட்டார்.