வெறுங்கண்ணால் யுரேனஸ்: கார்த்திகைக்குத் தெற்கே ஒரு தேடல்

சனிக்கு அப்பால் உள்ள கோள்களில் தொலைநோக்கி இன்றிப் பார்க்க வாய்ப்புள்ளது யுரேனஸ் ஒன்றுதான். பூமிக்கு நேராகச் சூரியனுக்கு எதிர்ப்புறம் நிற்கும் எதிர்நிலைக் காலத்தில் அதன் ஒளியளவைக் குறிக்கும் பொலிவெண் ஏறத்தாழ 5.6. எண் கூடக் கூட ஒளி குறையும். நல்ல இருட்டில் மனிதக் கண்ணின் எல்லை 6 அல்லது அதற்குச் சற்று மேல். 7.8 பொலிவெண் கொண்ட நெப்டியூன் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. 2025 நவம்பர் 21 அன்று யுரேனஸ் எதிர்நிலைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாளே அமாவாசை. இப்படி ஒரு பொருத்தம் எளிதில் அமையாது என்பதால்தான் இதில் இறங்கினேன்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கார்த்திகை மீன்கூட்டத்தில் நான்கு மீன்களைப் பிரித்தறிவதே அரிது. யுரேனஸ் அங்கே பைனாகுலரில் தெரிகிறது, வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஓசூர், தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிப் பக்கம் உள்ள மைத்துனரின் நிலத்துக்குச் சென்றேன். அங்கே நகரத்தின் வெளிச்சம் வடக்கு அடிவானத்தோடு நின்றுவிடுகிறது; யுரேனஸும் கார்த்திகையும் உள்ள ரிஷப ராசியோ நம் அட்சரேகையில் ஏறத்தாழ உச்சிவானத்தையே கடந்து செல்வதால், காற்று மண்டலத்தின் மிகக் குறைந்த தடிமன் வழியாகவே அதன் ஒளி நம்மை வந்தடைகிறது. மங்கலான பொருளைத் தேடுவோருக்கு இது பெரிய அனுகூலம்.

கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடக் கூடாது. குறிப்பெழுத மங்கலான சிவப்பு விளக்கு போதும். பழகிய பின் கார்த்திகையையே அளவுகோலாகக் கொண்டேன். அதிலுள்ள கெலைனோ என்ற மீனின் பொலிவெண் ஏறத்தாழ 5.4. அது தெரியாத இரவில் யுரேனஸைத் தேடுவதில் பொருளில்லை. கெலைனோவை நேராக நோக்கினால் மறைந்துவிடும், பார்வையைச் சற்று விலக்கினால் வெளிப்படும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லாமல் அதைச் சுற்றிலும் செறிந்திருப்பதே இதற்குக் காரணம்.

இந்தத் தேடலில் கண்ணின் கூர்மையைவிட மனத்தின் கட்டுப்பாடே பெரிது என்று நான் கருதுகிறேன். எந்த இடத்தில் ஒரு புள்ளி இருக்க வேண்டும் என்று முன்பே அறிந்தவருக்கு, அங்கே எதுவும் இல்லாவிட்டாலும் கண் ஒன்றைக் காட்டிவிடும். எனவே வரைபடம் எதையும் பார்த்திராத மைத்துனரிடம், கார்த்திகைக்குத் தெற்கே நான்கைந்து பாகைக்குள் தெரியும் புள்ளிகளையெல்லாம் தாளில் குறிக்கச் சொன்னேன். நான் தனியே குறித்தேன். பிறகே பைனாகுலரை எடுத்து ஒப்பிட்டோம்.

அந்தப் பகுதியில் 13 டாரி, 14 டாரி என்ற இரு மங்கலான விண்மீன்கள் அடுத்தடுத்து உள்ளன. வெறுங்கண்ணுக்கு அவை ஒரே புள்ளியாகத்தான் தோன்றும். நவம்பர் அமாவாசை இரவில், மேகம் விலகிய இடைவெளியில், அந்தப் புள்ளிக்குக் கிழக்கே முழுநிலவின் அகலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தொலைவில் இன்னொரு புள்ளி விட்டுவிட்டுத் தெரிந்தது. மைத்துனரின் தாளிலும் அது அதே இடத்தில் இருந்தது. எனினும் ஒரே இரவின் காட்சியை வைத்து அதைக் கோள் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கோள் என்றால் அது நகர்ந்தாக வேண்டும்.

டிசம்பர் அமாவாசையில் கிழக்குப் புள்ளி அங்கே இல்லை. பைனாகுலரில் மூன்று புள்ளிகள் நெருங்கி நின்றன; வெறுங்கண்ணுக்கு ஒன்றே தெரிந்தது, அதுவும் நவம்பரில் இருந்ததைவிட ஒளி கூடியதாக. பொங்கல் முடிந்து வந்த தை அமாவாசையில் வானம் மிகத் தெளிவாக இருந்தது. அன்று இருள் கவிந்த சற்று நேரத்திலேயே, அதே இரட்டை விண்மீனுக்கு மேற்கே புதிய புள்ளி பிரிந்து நின்றது. எதிர்நிலையை ஒட்டிய வக்ர கதியில், அதாவது பின்னோக்கிச் செல்வதுபோல் தோன்றும் நகர்வில், யுரேனஸ் கிழக்கிலிருந்து மேற்காக அந்த விண்மீன்களைக் கடந்துபோனதை மூன்று இரவுகளின் தாள்களும் சேர்ந்து காட்டின. அன்றுதான் குறிப்பேட்டில் பெயரை எழுதினேன்.

1690இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் பிளாம்ஸ்டீடு இதே ரிஷபத்தில் யுரேனஸைக் கண்டு, 34 டாரி என்று விண்மீன் பட்டியலில் சேர்த்துவிட்டார். 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் கண்ட பிறகே அது கோளாக அறியப்பட்டது. சூரியனை ஒரு முறை சுற்ற 84 ஆண்டுகள் ஆவதால், பிளாம்ஸ்டீடு பார்த்த பகுதிக்கு அது நான்கு சுற்றுகளை முடித்து இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது.

அடுத்த பருவத்தில் முயல விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2026இல் எதிர்நிலை நவம்பர் இறுதியில், பௌர்ணமியை ஒட்டி வருகிறது. அந்த நாட்கள் பயன்படா. நவம்பர் 9ஐ ஒட்டிய அமாவாசை இரவுகளிலும் டிசம்பர் அமாவாசையிலும் பார்க்கலாம். அப்போது யுரேனஸ் ஏறத்தாழ நான்கு பாகை கிழக்கே நகர்ந்து, கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கும்.