தேறினவர்கள்

நான் குருப்பட்டம் பெற்று முதல் சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவானவர் கவனிக்கும் சில ஊர்ச் சபைகளுக்கு, போன வருஷம் நடந்தது இது. தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு ஊர். கிணற்றில் குளிக்கப் போன பதினாறு வயதுப் பையன் இறந்துபோனான். அடக்க ஆராதனையில் நான்தான் பேசினேன். வீட்டில் குடும்ப ஜெபம் தவறாமல் நடந்திருந்தால் கர்த்தர் காத்திருப்பார் என்று அர்த்தம் வரும்படி பேசிவிட்டேன். ஊருக்கு ஒரு எச்சரிப்பு கொடுத்ததாகவே அன்றைக்கு நினைத்தேன். கூட்டத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குருமனைக்கு வந்தார். ஊரே சார்வாள் என்று கூப்பிடும் மனிதர். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம், "ஐயா, அந்த வீட்டம்மா இன்னும் ஒரு வாய் கஞ்சி குடிக்கல. நாம ரெண்டு பேரும் ஒரு எட்டு போயிட்டு வருவோமா?" என்றார். நடந்து போகும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "சின்னப் பிள்ளை சாவுல காரணம் சொல்லாதீங்கய்யா. பெத்தவங்க அதை சாகிற வரைக்கும் சுமப்பாங்க."

எனக்குக் கால் தடுமாறியது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் பேசியது தவறு, மன்னியுங்கள் என்று அந்தத் தாயிடம் சொன்னேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. சார்வாளும் எனக்காகப் பரிந்து பேசவில்லை. இருட்டும் வரை அங்கேயே இருந்தோம். பிறகு வாரத்துக்கு ஒருமுறை போனேன். மூன்றாம் மாதம்தான் அந்த அம்மா என்னிடம் பேசினார்.

அதே வருஷக் கடைசியில், திருமண்டல அலுவலகத்துக்கு ஒரு விவரம் அனுப்புவதற்காகப் பழைய அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பெயர். தகப்பன் பெயர் இருந்த இடத்தில் சார்வாள் பெயர். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

தமிழ் வேதாகமத்தில் பவுலின் நிருபங்களில் 'தேறினவர்கள்' என்று ஒரு சொல் வரும். விசுவாசத்தில் முதிர்ந்தவர்கள் என்று பொருள். பரீட்சையில் தேறினான் என்றும் சொல்கிறோம், காய்ச்சலில் கிடந்தவனுக்கு உடம்பு தேறிவிட்டது என்றும் சொல்கிறோம். நான் கண்ட முதிர்ந்த விசுவாசிகளை நினைத்தால் இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எல்லாரும் ஏதோ ஒன்றில் விழுந்து கிடந்து எழுந்தவர்கள். அதனால்தான் கிடக்கிறவன் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆரம்பத்தில் நான் இவர்களைத் தேடியது வேறு இடங்களில். நீளமாக ஜெபிக்கிறவர், வசனத்தை அத்தியாயத்தோடு சொல்கிறவர், சேகரக் கமிட்டியில் இருபது வருஷம் இருந்தவர் என்று பார்த்தேன். அவர்களிலும் தேறினவர்கள் உண்டு. ஆனால் அந்த அடையாளங்களை நம்பி நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

எங்கள் ஊழியத்தின் அமைப்பே இவர்களை நம்பித்தான் இருக்கிறது. ஒரு சேகரத்தில் ஐந்தாறு ஊர்கள் இருக்கும், குருவானவர் ஒருவர். ஊர் ஊராகப் போய் இராப்போஜனம், அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும், கொடுத்து முடிப்பதற்குள் மாதம் ஓடிவிடும். சில வருஷத்தில் மாறுதல் வந்துவிடும். நாங்கள் வந்து போகிறவர்கள், அவர்கள் இருக்கிறவர்கள். திருநெல்வேலி சபையின் தொடக்கமும் இப்படித்தான். 1780-இல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட சபைப் பட்டியலில் 40 பேர். மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் இருந்தது தஞ்சாவூரில். அந்தச் சின்னக் கூட்டத்தைத் தாங்கியவர் குளோரிந்தா என்ற பிராமண விதவை. அவர் கட்டி, 1785-இல் சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்த கோயிலை, இன்றைக்கும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள்.

என் கடைசிச் சேகரத்தில் பனையோலைப் பெட்டி முடைந்து பிழைக்கிற ஒரு அம்மா இருந்தார். ஒரு வருஷம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை முடிந்ததும், ஆடு வாங்கிய கணக்கில் பொருளாளர் கைவைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. மூன்று வீட்டுப் பெண்கள் அதைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரிடமும் ஒரே பதில்: "வா, அவர்கிட்டயே போய்க் கேப்போம், நானும் கூட வாரேன்." யாரும் வரவில்லை. அவரே தனியாகப் பொருளாளர் வீட்டுக்குப் போய், "தம்பி, இப்படி ஒரு பேச்சு ஓடுது, ஐயாகிட்ட சீட்டெல்லாம் காட்டிரு" என்றிருக்கிறார். பொருளாளர் அன்று ராத்திரியே நோட்டோடு வந்தார். சமையல் ஆட்களுக்கு ரசீது வாங்காமல் கொடுத்த 1,800 ரூபாய்தான் இடித்தது. அந்த ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இது கமிட்டிக்கு வந்து, இரண்டு கட்சியாகி, அடுத்த தேர்தல் வரை இழுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சபைக் காரியம் கோர்ட் படியேறுவது எங்கள் பக்கம் புதிதில்லை. எந்தப் பேச்சானாலும் அந்த அம்மாவைத் தாண்டிப் போகாது. நான் மூன்று மாதம் பிரசங்கம் செய்தாலும் வராத சமாதானம் அது.

2020 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. கொரோனா ஊரடங்கில் கோயில் பூட்டிக் கிடந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனைக்கு, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் பற்றிப் போனில் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வாட்ஸ்அப் இல்லாத வீடுகள் என் நினைவுக்கே வரவில்லை. அந்த அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்து, தனியாக இருந்த நான்கு விதவைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இயேசுவின் பாடுகளின் பகுதியை வாசித்து ஜெபித்திருக்கிறார். ஜூன் மாதம் அந்த நால்வரில் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

ஓய்வுபெற்று வரும்போது பதிவேடுகள், பாஸ்புக், இராப்போஜனப் பாத்திரங்கள், சாவிகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி ஒப்படைத்தேன். அப்புறம் புதிதாக வந்த இளம் குருவானவரை அந்த அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனேன். "சபையில என்ன பொறுப்புல இருக்காங்க?" என்று வழியில் கேட்டார். எந்தப் பொறுப்பிலும் இல்லை என்றேன். முற்றத்தில் முடைந்துகொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் ஓலையை ஒதுக்கிவிட்டு எழுந்தார். முதலில் அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களாய்யா?"