இடது காது

என் பெரியம்மா மகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து தத்தெடுத்த பெண் குழந்தையை அழைத்து வர நானும் உடன் சென்றிருந்தேன். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். மருத்துவ அறிக்கை, தடுப்பூசி அட்டை, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு என்று எல்லாத் தாள்களும் கைக்கு வந்த பிறகு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த காப்பக ஆயாம்மா, எந்தத் தாளிலும் இல்லாத ஒன்றைச் சொன்னார்: "இடது காத லேசா நீவி விட்டாத்தாம்மா தூங்குவா. வெறுமனே ஆட்டுனா அழுவா." அக்கா அதைத் தடுப்பூசி அட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டாள்.

பெண் சிசுவுக்கு எருக்கம்பாலையும் நெல்மணியையும் புகட்டிக் கொன்றுவந்த ஊர்களை மனத்தில் வைத்து, 1992-இல் சேலம் மாவட்டத்தில் ஜெயலலிதா அரசு, வளர்க்க விரும்பாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல இடம்தரும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெற்றவர்கள் பிள்ளையைக் கைகழுவ அரசே வழிசெய்து கொடுக்கிறது என்ற விமர்சனம் தொடர்ந்து எழுந்தது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் அந்த வாதங்களில், தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கிப் பால் கொடுத்தது யார் என்ற பேச்சு வந்து நான் படித்ததில்லை.

பெற்றவர்கள் நேரில் வந்து ஒப்படைத்த குழந்தையானால், அவர்கள் மனம் மாறித் திரும்பி வருவதற்குச் சட்டம் 2 மாத அவகாசம் தருகிறது. யாரும் அறியாமல் விட்டுச்செல்லப்பட்ட கைக்குழந்தையானால், செய்தித்தாளில் படம் போட்டுப் பெற்றோரைத் தேடிய பிறகே அதைத் தத்துக்கொடுக்கலாம் என்று குழு அறிவிக்கும். இந்த அவகாசம் அவசியமானது என்றே நான் நினைக்கிறேன். வறுமைக்கும் ஊர்வாய்க்கும் பயந்து விட்டுப்போன ஒரு பெண்ணுக்கு அதைக்கூட மறுப்பது கொடுமை. ஆயினும், பிறந்து ஆறேழு வாரத்தில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புக்குள்தான் நிகழ்கிறது. பெற்றவளும் காணாத, வளர்க்கப்போகிறவளும் காணாத அந்த முதல் சிரிப்பு, மாதச் சம்பளத்துக்கு இரவுப்பணி பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிறது. குழந்தை கழுத்து நின்று, குப்புற விழுந்து, ஆளைக் கண்டு கைநீட்டத் தொடங்கும் நேரத்தில் அவர் அதற்கு உடை மாற்றி, பொட்டு வைத்து, வேறொருத்தி கையில் கொடுத்துவிட வேண்டும்.

படம் எடுத்து அனுப்பட்டுமா என்று அக்கா கேட்டாள்.

"வேணாம்மா, பாத்தா தேடும்" என்றார் ஆயாம்மா.

யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்த பத்து நாள் குழந்தை உள்ளே அழத் தொடங்கியதால், அவர் வாசல்வரைகூட வராமல் திரும்பிப் போய்விட்டார்.